முழங்கால் தண்ணீர்

வணக்கம் ஐயா,

அண்ணா குடும்பம் கனடாவில் இருந்து வந்து நிற்கிறது. நல்லூர்க் கோயில் தீர்த்தத் திருவிழா முடியும்வரை வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. அதனால் ஓகஸ்ட் கடைசியில்தான் கடலுக்குப் போனோம். பிள்ளைகள் தூண்டில் போட்டுப் பிடிக்கிற மீனில் கரையிலேயே ஒடியல் கூழ் காய்ச்சுவதாகத் திட்டம். மண்டைதீவில் 18 அடி பைபர் படகு ஒன்று பேசி, பெரியாட்கள் ஆறு பேரும் பிள்ளைகள் மூன்று பேரும் பத்தரை மணிக்கு ஏறினோம். பதினொன்றரைக்குக் காற்று பலத்தது. எஞ்சினில் சாதாளை என்கிற கடற்புல் சுற்றி நின்றுவிட்டது, பிறகு எவ்வளவு இழுத்தும் பிடிக்கவில்லை. படகுக்காரர் பின்பக்கத்தால் நங்கூரம் போட்டார். அலை உள்ளே அடித்தது. அந்தக் களேபரத்தில் அண்ணாவின் எட்டு வயது மகன் தூண்டிலில் இருந்த ஓரா மீனைக் கையால் பிடித்துக் குத்து வாங்கிவிட்டான். பெட்டியில் இருந்த ஐஸை வைத்தோம், துடித்துப்போனான். நாலரைக்கு வேறொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தது. அண்ணா படகுக்காரரை ஏசி, பாதிக் காசுதான் கொடுத்தார். நாங்கள் நின்ற இடத்தில் நாலடி ஆழம் என்று படகுக்காரர் சொன்னார். அண்ணாவோ, "முழங்கால் தண்ணிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கூத்து" என்று அம்மாவை இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்.

அடுத்தமுறை மீன் கட்டாயம் படவேண்டும். எந்த அளவுத் தூண்டில், என்ன இரை நல்லது? கூழுக்கு என்னென்ன மீன் சேர்க்கலாம்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது சரியா?

ஒரு வாசகி,
கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் சின்னவனின் விரல். ஓராவுக்கு முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுச் செட்டைகளில் இரண்டிரண்டாக 4. இருபத்துநாலும் நஞ்சு முள். அந்த நஞ்சு புரதம், சூட்டில் கெடும். ஐஸ் வைத்தால் நஞ்சு அப்படியே இருக்கும், நோ கூடவும் கூடும். செய்ய வேண்டியது நேர்மாறானது: குத்துப்பட்ட இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, கண்ணுக்குத் தெரிகிற முள் துண்டை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணிவரை கையை வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆற ஆறச் சூடானதை ஊற்ற வேண்டும். சூட்டைப் பார்க்கிறபோது பெரியாள் ஒருவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். குத்துப்பட்டவனின் கை மரத்திருக்கும், தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. தேத்தண்ணிக்கு என்று கொண்டுபோகிற சுடுதண்ணிப் போத்தல் படகில் இருந்திருந்தால் பிள்ளை அவ்வளவு நேரம் துடித்திருக்க மாட்டான். திருக்கை, கெளிறு குத்தினாலும் இதே முறைதான். ஆனால் திருக்கை குத்தினால் காயம் ஆழமாக இருக்கும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் மருமகனுக்கு இன்னும் வீக்கமோ நோவோ இருந்தால் முள் துண்டு உள்ளே நிற்கலாம். இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டிருக்கிறதா என்பதையும் தாயிடம் கேளுங்கள்.

மீனைத் தூண்டிலில் இருந்து கழற்றுவது பெரியாளின் வேலை. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, குறட்டால் தூண்டிலைப் பிடித்துத் திருப்பினால் முள்ளில் கை படாது. பிள்ளை நூலைப் பிடிக்கட்டும், மீனைத் தொட வேண்டாம்.

இனி, உங்கள் அண்ணாவின் அந்த "முழங்கால் தண்ணி." நல்லூர்க் கொடி ஏறிய நாள் தொடக்கம் பண்ணைப் பாலத்தைத் தாண்டி வாகனம் வாகனமாக மண்டைதீவுக்கும் சாட்டிக்கும் குடும்பங்கள் போவதைப் பார்த்து, இதைப் பற்றியே எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் அந்த வரியைக் கண்டதும் தூண்டில், இரை எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

நின்ற இடம் நாலடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் உயரமும் நாலடிதான். நம்முடைய கடனீரேரியின் அடி பல இடங்களில் மணல் அல்ல, சேறு. குதித்தவுடன் முழங்கால்வரை புதையும். முழங்கால்வரை புதைந்தவனுக்கு நாலடித் தண்ணீர் ஐந்தரை அடித் தண்ணீர். அதற்குமேல் அலை. புதைந்த காலை இழுக்க மற்றக் காலை ஊன்றுவான், அதுவும் புதையும். சீலையோ ஜீன்ஸோ உடுத்திருந்தால் நினைத்துப் பாருங்கள். நீந்தத் தெரிந்தவன் ஆழத்தில் மிதப்பான், சேற்றில் அவனுக்கும் கால் வராது. போதாக்குறைக்கு, இடுப்பளவு ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவன் ஓரடி தள்ளி வைத்தால் படகு ஓடும் வாய்க்காலுக்குள் போய்விடலாம். காற்றடிக்கும் நாளில் தண்ணீர் கலங்கி நிற்கும், வாய்க்கால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது.

அலையின் கணக்கும் ஆழத்தோடு மாறும். ஆழக்கடலில் அலை நீளமாக வரும், படகு ஏறி இறங்கும். நாலடி ஆழத்தில் அலைக்கு இடம் போதாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றுக்குப் பின் ஒன்று நெருங்கி வரும். படகின் முன்பக்கமான அணியம் ஓர் அலையில் குத்தும்போதே அடுத்தது பின்பக்கத்தைத் தூக்கும். எஞ்சின் ஓடும்வரை படகுக்காரர் அலைக்கு முகம் கொடுத்துச் சமாளிப்பார். எஞ்சின் நின்றால் படகு தானாகவே அலைக்குக் குறுக்கே திரும்பும். அப்போது அலை வருகிற பக்கத்தில் இருப்பவர்கள் பயந்து மற்றப் பக்கம் பாய்வார்கள். ஆறு பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் 18 அடிப் படகு தாங்காது. 2017 ஓகஸ்டில் மண்டைதீவுக் கடலில் படகு கவிழ்ந்து ஆறு இளைஞர்கள் மாண்டார்கள். ஆழக்கடலுக்குப் போய் அல்ல. யாழ்ப்பாணப் பட்டினம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். உங்கள் அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். அம்மா பயந்தது சரி. அம்மாவைப் பகிடி பண்ணுவதை அண்ணா இன்றோடு நிறுத்த வேண்டும்.

மாதத்தைக் கவனித்தீர்களா? அதுவும் ஓகஸ்ட். வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை இங்கே சோழகம், தென்மேற்குக் காற்று. வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் நல்லூரும் வருவது அதே மாதங்களில். விமானச் சீட்டு எடுக்கிறவர் காற்றைப் பார்த்து எடுப்பதில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் இருக்கிற நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோழகம் விடியப்புறம் ஓரளவு அடங்கி, வெயில் ஏற ஏறப் பலக்கும். ஐந்தரைக்கு இறங்கி எட்டரைக்குக் கரை ஏறியிருந்தால் உங்கள் கடிதம் வேறு கடிதமாக இருந்திருக்கும். பத்தரைக்கு ஏறினீர்கள். அன்றைக்கு நடந்த மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தரைதான் தொடக்கம். காலைச் சாப்பாடு, பிள்ளைகளின் குளிப்பு, படம் எடுப்பு என்று நேரம் போயிருக்கும். கடலுக்குப் போகிற நாளில் சாப்பாட்டைப் பொதி கட்டுங்கள்.

எஞ்சின் நின்றபிறகு, நங்கூரம் பிடிக்கும்வரை, சோழகம் உங்களை வடகிழக்கே, குருநகர், பாசையூர்க் கரைப்பக்கம் தள்ளியிருக்கும். அதனால்தான் இன்னொரு படகின் கண்ணில் பட்டீர்கள். இதே காற்றில் வடகரையில், வடமராட்சியிலோ மாதகலிலோ இறங்கியிருந்தால்? அங்கே ஓகஸ்டில் கரையோரக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், ஏனென்றால் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளைகள் ரியூப்பைப் போட்டு விளையாடச் சொல்லும் கடல். எஞ்சின் நின்ற படகும் ரியூப்பும் அங்கே பாக்குநீரிணைக்குள்தான் போகும். கரையில் நிற்பவருக்கு ஓர் அலைகூடத் தெரியாது. வடகிழக்குக் காற்றான வாடைக் காலத்தில், ஐப்பசி முதல் தைவரை, இது தலைகீழ்: வடகரை கொந்தளிக்கும். குடும்பத்தோடு போக ஏற்றது மாசி, பங்குனி, சித்திரை முற்பாதி. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட காலம் அது.

எஞ்சின் விஷயத்தைப் படகுக்காரரின் தலையில் மட்டும் போட வேண்டாம். சோழகம் அடியில் இருக்கும் சாதாளையைப் பிடுங்கி மிதக்கவிடும் காலம் இது. அது புரொப்பலரில் சுற்றும், குளிர்த்தண்ணீர் உறிஞ்சும் வாயையும் அடைக்கும். எஞ்சினின் பின்னால் துப்புகிற தண்ணீர்த் தாரையில் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். தாரை மெலிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, எஞ்சினைச் சரித்து, கையால் வழித்து எடுக்க வேண்டும். அதற்குமேல் முறுக்கினால் சூடேறி இறுகும். பிறகு ஏன் பிடிக்கவில்லை? பெரும்பாலும் மண்ணெண்ணெய். இந்த எஞ்சின்களைப் பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். சாதாளை சுற்றித் திடீரென்று நின்றால் அதற்கு ஏது நேரம்? காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், ஆறிய எஞ்சின் அதில் பற்றாது. கயிற்றை இழுக்க இழுக்கப் பிளக் நனையும். மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டி, காபரேற்றரின் அடித் திருகாணியைத் திறந்து வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, பெற்றோலில் முடுக்க வேண்டும். அதற்கு ஒரு போத்தல் பெற்றோல், பிளக் சாவி, மாற்றுப் பிளக் மூன்றும் படகில் இருக்க வேண்டும். ஏறுமுன் இந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாத படகில் ஏறாதீர்கள். மரக்கோலும் இருக்கிறதா பாருங்கள்; நாலடித் தண்ணீரில் எஞ்சின் இல்லாமலே அதை ஊன்றித் தள்ளிக்கொண்டு கரை சேரலாம்.

நங்கூரம் மட்டும் அவருடைய பிழைதான், அதில் நான் பரிந்து பேச மாட்டேன். பின்பக்கம் தட்டையானது, எஞ்சின் பாரத்தில் தாழ்ந்தும் இருக்கும். அங்கே கட்டினால் படகு அந்தப் பக்கத்தையே அலைக்குக் கொடுக்கும், ஒவ்வோர் அலையும் உள்ளே வரும். அணியத்தில் கட்டி, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். நாலடிக்கு 20 முதல் 28 அடி. கயிறு குறைந்தால் நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் இழுபடும்.

உயிர்காப்பு அங்கி பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது எனக்குக் கோபத்தையே தருகிறது. பத்துப் பேர் ஏறிய படகில் ஒருவருக்காவது இருந்ததா? பெரியாளின் அங்கி பிள்ளைக்கு உதவாது, தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அங்கியைப் போட்டு, கால்களுக்கு இடையால் வருகிற பட்டியையும் கட்டி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுக்குமேல் ஏறினால் அது சரியில்லை. அங்கியை இருக்கையாகப் போட்டுக்கொண்டு போகிறவர்களையும் காண்கிறேன், வயிறு எரிகிறது. பத்துப் பேர் என்பதே அந்தப் படகுக்கு அதிகம். எல்லோரும் ஏறி இருந்தபின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆளை இறக்குங்கள். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. கவிழ்ந்தாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. பைபர் படகு பெரும்பாலும் கவிழ்ந்தபடி மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

கூழுக்கு மீனைச் சந்தையில் வாங்குங்கள். பாசையூரில் காலையிலேயே நண்டும் இறாலும் கணவாயும் கிடைக்கும். பிள்ளை பிடிக்கிற ஒன்றிரண்டு கிழக்கன் மீனைக் கடைசியில் போட்டால் அவனுக்குப் பெருமை. பிடித்த மீனில்தான் காய்ச்சுவோம் என்று நிற்பதால்தான் காற்றுப் பலத்தபிறகும் கரைக்குத் திரும்ப மனம் வருவதில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். தாராளமாக. அவர்கள் வளர்கிற நாட்டில் இந்தக் கடலை அவர்களுக்கு வேறு யார் காட்டுவார்? ஆனால் முதல்முறை படகு வேண்டாம். மாசியில் வந்தால் விடியப்புறம் கரையில் நின்றே போடட்டும். தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள். கிடக்கிற திருக்கை விலகிப் போய்விடும். தூண்டில் சின்னதாக, 8 அல்லது 10ஆம் இலக்கம். இறாலின் கோது நீக்கி நகக்கண் அளவில் ஒரு துண்டு. ஈயம் இலேசாக. கிழக்கனுக்கு அது போதும்.

பாதிக் காசு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தரைக்கு வந்து ஏறிய ஒன்பது பேரையும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு அந்த மனிதருக்கு இருந்திருக்க வேண்டும், இல்லை. ஆனால் அன்றைக்கு நாள் முழுக்க உங்களோடு நின்று தண்ணீர் இறைத்தவரும் அவர்தான். அவருடைய எண்ணெய்ச் செலவும் வலைக்குப் போகாத நாளும் யாருடைய கணக்கு? அண்ணா விமானம் ஏறுமுன் மிச்சக் காசை அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நங்கூரத்தை ஏன் பின்பக்கத்தால் போட்டார் என்பதையும் கேட்கட்டும், மரியாதையாக.