மனோமீற்றர் (கேஸ் அழுத்தம் அளக்கும் கருவி) இல்லாமல் வந்தவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதான். ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று மாதம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபேர்னஸுக்கு 18 வயது. "இலவச செக்கப்" என்று ஃபோன் எடுத்து வந்த ஒருவர் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தி, புகையைப் பிரித்து வைக்கும் உலோக அறை) வெடிப்பு விழுந்திருக்கிறது, கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரும், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்தால் மாதம் 120 டொலருக்குப் புதிது பூட்டித் தருகிறோம் என்றிருக்கிறார். நம்பலாமா?

அவர் நடந்துகொண்ட விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒன்ராறியோவில் லைசன்ஸ் உள்ள கேஸ் ரெக்னீஷியன் உடனடி ஆபத்தைக் கண்டால் அந்த இடத்திலேயே கேஸை மூடி, "ஏ" வகை ரக் (எச்சரிக்கை அட்டை) கட்டவேண்டும். நாங்கள் றெட் ரக் என்பது அதைத்தான். அவசரமில்லாத பிழைக்கு "பி" வகை. அதில் திருத்துவதற்கு நாள் குறிப்பார்கள். உயிராபத்து என்று வாயால் சொல்லிவிட்டு, கேஸையும் மூடாமல், ரக்கும் கட்டாமல், வெள்ளி வரை தவணை தந்துவிட்டுப் போனவர் விற்க வந்தவர்.

அதற்காக எக்ஸ்சேஞ்சர் நல்லது என்றும் ஆகாது. 18 வருடப் பெட்டியில் வெடிப்பு வரலாம். ஆனால் அதை ரோச் வெளிச்சத்தில் முடிவுகட்ட முடியாது. ஃபேர்னஸில் நெருப்புப் பிடித்து அரை நிமிடமளவில் புளோவர் (காற்றைத் தள்ளும் விசிறி) ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் நீல நெருப்பு ஆடினால், மஞ்சளடித்தால், வெளியே நாக்கு நீட்டினால் சந்தேகம் வலுக்கும். அதன் பிறகு கமெராவை உள்ளே விட்டுப் படம் எடுக்கவேண்டும். சூடான காற்று வரும் குழாயில் கார்பன் மொனொக்சைட் அளக்கவேண்டும். "வெடிப்பின் படத்தையும் அளவையும் தாருங்கள்" என்று கேளுங்கள். தர ஏலாது என்றால் கதை முடிந்தது.

இனி ஆளைத் தெரிவு செய்வது. தமிழர், தெரிந்தவர், வானொலியில் விளம்பரம் வருகிறது என்பதெல்லாம் தகுதி இல்லை. கேஸ் வேலை செய்யும் கொம்பனி ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏயில் பதிவு செய்திருக்கவேண்டும். வேலைக்கு வருகிறவரிடம் ஜி2 அல்லது ஜி1 என்ற கேஸ் லைசன்ஸ் அட்டை இருக்கவேண்டும். ஜி3 என்றால் மேற்பார்வையில் வேலை செய்கிறவர். தனியே வந்து பூட்டக்கூடாது. ஏசிக்கு வேறு தொழிற்சான்று: வீட்டு ஏசிக்கு 313டி, எல்லா வகைக்கும் 313ஏ. குளிரூட்டி வாயுவைக் கையாள ஓ.டி.பி (ஓசோன் பாதுகாப்புப் பயிற்சி) அட்டையும் வேண்டும். பலர் கவனிக்காத இடம் ஒன்று: விலை பேச வருகிறவர் ஒருவர், பூட்ட வருகிறவர் இன்னொருவர். அட்டையை வேலை நாளன்று, ரூல் பெட்டி திறக்க முதல் பாருங்கள்.

கொம்பனியின் எச்.எஸ்.ரி (விற்பனை வரி) இலக்கத்தையும் கனடா வருமானத் திணைக்களத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்க்கலாம். "காசாகத் தந்தால் வரி இல்லை" என்பவர் 13 வீதத்தை மிச்சப்படுத்தித் தருவார்தான். ஆனால் றசீது இல்லாத வேலைக்கு வொறன்ரி கேட்டு எங்கே போவீர்கள்?

என்னைக் கேட்டால் அட்டையைவிடப் பெரிய சோதனை, ஆள் அளக்கிறாரா என்பது. பழைய ஃபேர்னஸின் தகட்டைப் பார்த்து, "இது 100,000 பி.ரி.யு, அதையே போடுவோம்" என்பவர்தான் எங்கும். (பி.ரி.யு என்பது வெப்பத்தின் அளவு; இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு.) பழையதே அளவுக்கு மிஞ்சியதாக இருந்திருக்கலாம். பிறகு யன்னல் மாற்றியிருப்பார்கள், பரணில் இன்சுலேஷன் கூட்டியிருப்பார்கள். பெரிய ஃபேர்னஸ் சட்டென்று சூடாக்கி நின்றுவிடும். மேல்மாடிக் கடைசி அறை குளிராகவே இருக்கும். சரியான ஆள் சுவர், யன்னல், பரண் எல்லாம் குறித்து, சி.எஸ்.ஏ எஃப்280 என்ற கனடியத் தரமுறையில் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தாளில் தருவார். நடுத்தர வீடு ஒன்றுக்கு 60,000 பி.ரி.யு ஃபேர்னஸ் 96 வீதச் செயல்திறனில் 57,600 தரும். பல வீட்டுக்கு அது தாராளம். ஏசியிலும் இதே பிழைதான். ஒரு தொன் என்பது 12,000 பி.ரி.யு, அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓடவேண்டும். உங்கள் குழாய்களால் அவ்வளவு காற்றைக் கொடுக்க முடியாவிட்டால் உள்ளே குளிர்ச்சுருளில் பனி பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிய ஏசி சட்டென்று குளிராக்கி நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இராது. ஜூலையில் வீடு பிசுபிசுக்கும்.

உங்கள் வீட்டில் குறிப்பாகப் பார்க்கவேண்டியது புகைபோக்கி. பழைய ஃபேர்னஸின் புகை உலோகக் குழாயால் புகைபோக்கிக்குப் போகிறதா? சுடுதண்ணீர்த் தொட்டியும் அதே புகைபோக்கியா? புதிய கேஸ் ஃபேர்னஸ் கனடாவில் 2019 ஜூலையிலிருந்து 95 வீதத்துக்குக் குறையக்கூடாது. அது பிளாஸ்டிக் குழாயால் சுவர் வழியே வெளியே போகும். அப்போது அந்தப் பெரிய புகைபோக்கியில் தொட்டி மட்டும் தனித்து நிற்கும். கொஞ்சப் புகை, குளிர்ந்த பெரிய துவாரம்: மேலே ஏறாமல் ஈரமாகி வழியும், சில நாள் திரும்பி பேஸ்மெண்டுக்குள்ளேயே இறங்கும். அதற்கு லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் ஒடுங்கிய குழாய்) போடவேண்டும். விலைத்தாளில் லைனர் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அவர் பார்க்கவில்லை, அல்லது பிறகு மேலதிகக் காசு கேட்கப்போகிறார். ஃபேர்னஸிலிருந்து வடியும் தண்ணீர் எங்கே போகும் என்றும் கேளுங்கள். பக்கத்தில் தரை வடிகால் இல்லாவிட்டால் சின்னப் பம்ப் வேண்டும். அந்த வடிகால் அடைத்தாலும், வெளிக்குழாயைப் பனி மூடினாலும் பிரெஷர் சுவிட்ச் ஃபேர்னஸை நிறுத்திவிடும். ஜனவரி நடுவில் "ஃபேர்னஸ் செத்துப்போச்சு" என்று வரும் அழைப்புகளில் கொஞ்சம் இதுதான். இன்னும் கொஞ்சம் நெருப்பு எரிகிறதா என்று பார்க்கும் ஃபிளேம் சென்சர் ஊத்தை பிடித்தது. மெல்லிய உரசுதாளால் துடைத்தால் ஓடும்.

பூட்டி முடிந்ததும் போகவிடாதீர்கள். மனோமீற்றர் வைத்து கேஸ் அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு, எரியும் முனைகளுக்குப் போகும் குழாயில், வழக்கமாக 3.5 அங்குல நீரளவு. போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளந்து, தகட்டில் அச்சடித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏசி என்றால் குழாயைப் பிரேஸ் பண்ணும்போது (உலோகத்தை உருக்கி ஒட்டும்போது) உள்ளே நைதரசன் ஓட்டி, பிறகு வக்யூம் பம்பால் உள் அழுத்தத்தை 500 மைக்ரோனுக்குக் கீழே இறக்கவேண்டும். இதைத் தவிர்த்தால் ஈரமும் கரியும் உள்ளே தங்கும். ஏசி முதல் வருடம் ஓடும், கொம்பிரசர் பிறகு போகும். அளவுகளைத் தாளில் எழுதித் தரும்வரை மீதிக் காசைக் கொடுக்கவேண்டாம். பூட்டிய பிறகு பெட்டியை உற்பத்தியாளரிடம் உங்கள் பெயரில் பதிவு செய்யவேண்டும். பல கொம்பனிகள் அதற்கு 60 அல்லது 90 நாள்தான் தருகின்றன. பாகத்துக்கு 10 வருடம் என்றால் கூலிக்கும் 10 வருடம் என்று நினைக்காதீர்கள், அதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி அந்த 120 டொலர். 10 வருடத்துக்கு 14,400, வரியோடு 16,272. வருடாவருடம் ஏற்றுவோம் என்ற வரி ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். முன்பு இப்படியான ஒப்பந்தங்களை வைத்து வீட்டு உறுதியிலேயே பதிவு போட்டு, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்டார்கள். 2024 ஜூனில் ஒன்ராறியோ அந்தப் பதிவைத் தடைசெய்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மாதக் காசு நிற்காது.

அழைக்காமல் கதவைத் தட்டி வீட்டில் வைத்து ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தொட்டி ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச் முதல் இங்கே சட்டவிரோதம். "நீங்கள்தானே வரச் சொன்னீர்கள்" என்று சொல்வதற்காகவே முதலில் ஃபோன் எடுக்கிறார்கள். வரச் சொல்லி வீட்டில் கையெழுத்து வைத்திருந்தாலும், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். மின்னஞ்சலில் எழுதுங்கள், நகல் வைத்திருங்கள்.

இன்றிரவு செய்யவேண்டியது ஒன்று. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா, பின்பக்கத்தில் அச்சடித்த காலாவதித் திகதி போய்விட்டதா என்று பாருங்கள்; 2026 ஜனவரியிலிருந்து மாடிக்கு ஒன்று கட்டாயம். இல்லையென்றால் நாளைக்கு வாங்குங்கள். அது அலறினால் எல்லோரும் வெளியே வந்து 911. அலறாவிட்டாலும், ஜி2 அட்டை உள்ள வேறொருவரை இந்தக் கிழமைக்குள் கூப்பிட்டு, காசு கொடுத்து, பார்ப்பதற்கு மட்டும் என்று சொல்லி எக்ஸ்சேஞ்சரைச் சோதிக்க வையுங்கள். மாற்றும் வேலையை அவருக்குக் கொடுக்கப்போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.