கச்சா எண்ணெயும் கைமடிப் பெண்ணும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 விழுக்காடாக உயர்த்திய வரி பற்றியும், அதனால் திருப்பூர் பனியன் தொழிலாளர் படும் பாடு பற்றியும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். தொழிலாளர்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்காதே என்று இன்னொரு நாடு சொல்லி, நாமும் தலையாட்டிவிட்டால், நாளை ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை வாங்காதே என்பார்கள். அப்புறம் அதற்கும் தலையாட்ட வேண்டும். நாட்டின் பாதுகாப்பு முதலில், வியாபாரம் பிறகு.

என் அப்பா பள்ளி ஆசிரியர். 1965 போரின்போது பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டதற்காகத் திங்கட்கிழமை இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. நாங்கள் ஐந்து பிள்ளைகள். யாரும் புலம்பவில்லை. அமெரிக்கக் கோதுமைக்குக் காத்துக் கிடந்த நாடு கொஞ்ச வருடத்தில் சொந்தக் காலில் நின்றது. அந்தத் தலைமுறை பொறுத்துக்கொண்டதை இப்போது நாம் ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது? நீங்கள் திரும்பத் திரும்பத் திருப்பூர் என்று எழுதினால் அது எதிராளிக்குப் பலமாகிவிடாதா?

ஒரு சிறு திருத்தமும் உண்டு. ரூபாய் மதிப்புக் குறைப்பு நடந்தது 1967 என்று எழுதியிருக்கிறீர்கள். 1966 ஜூன் இல்லையா?

அன்புடன்,
க., ஈரோடு
செப்டம்பர் 2025

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

அமெரிக்கா சொல்லி ரஷ்ய எண்ணெயை நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். அதில் நமக்குள் சண்டை இல்லை.

2022 டிசம்பரில் அமெரிக்கா உள்ளிட்ட ஜி-7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்குப் பீப்பாய் 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தன. எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், ரஷ்யாவுக்குப் போகும் பணம் மட்டும் குறைய வேண்டும். அதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். யாராவது வாங்கினால்தானே அது நடக்கும்? இந்தியா வாங்கியது. போருக்கு முன்பு நம் இறக்குமதியில் இரண்டு விழுக்காடுகூட இல்லாத ரஷ்ய எண்ணெய், பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இப்படி யாராவது வாங்க வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்பினோம் என்று டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த எரிக் கார்செட்டியே 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஆகஸ்ட் 6 அன்று அதே காரியம் குற்றமாகிவிட்டது. ஏற்கெனவே அறிவித்திருந்த 25 விழுக்காட்டுக்கு மேல் இன்னொரு 25. ரஷ்யாவிடம் நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவுக்கு இந்தத் தண்டனையைக் கொடுக்கவில்லை. இதற்கெல்லாம் பணிந்து போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் "நாம் ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது" என்று கேட்கிறீர்களே, அந்த "நாம்" யார் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு கணக்குப் போடுவோம். திருப்பூரில் தைத்த பருத்தி டீசர்ட் ஒன்றை அமெரிக்க வியாபாரி 4 டாலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி டீசர்ட்டுக்கு அங்கே வழக்கமாகவே 16.5 விழுக்காடு வரி உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அதன்மேல் 50 சேர்ந்து 66.5. அதாவது ஒரு டீசர்ட்டுக்கு 2.66 டாலர் வரி. இதே நேரத்தில் பங்களாதேஷுக்குக் கூடுதல் வரி 20தான். அங்கிருந்து போகும் அதே டீசர்ட்டுக்கு 1.46 டாலர். வித்தியாசம் 1.20 டாலர், நம் காசில் நூறு ரூபாய்க்கு மேல். அந்த டீசர்ட்டை வெட்டித் தைத்து, பிசிறு நறுக்கி, செக்கிங் பார்த்து, அயர்ன் பண்ணிப் பெட்டியில் போடுகிறவர்கள் அத்தனை பேருடைய கூலியையும் கூட்டினாலும் நூறு ரூபாய் வராது. கூலியே கொடுக்காமல் தைத்தால்கூட பங்களாதேஷ் விலைக்கு நம்மால் இறங்க முடியாது. ஏற்றுமதியாளர் லாபத்தை விட்டுக்கொடுத்துச் சமாளிக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். விட்டுக்கொடுக்க அவ்வளவு லாபம் பனியன் தொழிலில் இல்லை.

போன சனிக்கிழமை எனக்குத் தெரிந்த ஒருவரின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்கு, போயிருந்தேன். வீட்டின் மாடியில் தகரக் கூரை போட்டு இருபத்திரண்டு மெஷின். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் மாலையில் அங்கே கூட்டமாக இருக்கும். அன்று எட்டுப் பேர்தான் இருந்தார்கள். பாதி மெஷின்கள்மேல் வேஸ்ட் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். சுவரோரம் கட்டிங் பீஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நீல நிறம். ஆகஸ்ட் 27க்குள் கப்பலில் ஏற்றிவிட்டால் கூடுதல் 25 விழுக்காட்டிலிருந்து தப்பிக்கலாம் என்று அதற்கு முந்தைய மூன்று வாரமும் ராத்திரி பகலாகத் தைத்திருக்கிறார்கள். இது ஏற்ற முடியாமல் போன மிச்சம். ஆர்டர் கொடுத்தவர்கள் தைக்கவும் சொல்லவில்லை, திருப்பி எடுக்கவும் வரவில்லை என்றார் நண்பர்.

அங்கே ஒரு கைமடிப் பெண். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்கி, அடுத்த பீஸை எடுத்துக் கொடுக்கிற வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறதாம். "முன்னாடி தினமும் ஒன்றரை ஷிப்ட்டுண்ணா. இப்ப வாரத்துக்கு மூணு நாளு, அதும் ஒரு ஷிப்ட்டு" என்றார். அன்று அவர் கையில் வாங்கிய கவரை அங்கேயே பிரித்து எண்ணி, இருநூறு ரூபாயைத் தனியாக மடித்துப் பர்ஸின் உள்ளறையில் வைத்தார். மகளிர் குழுத் தவணையாம். மீதியை இரண்டு முறை எண்ணினார். வரியைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டர் எப்போது வரும் என்றுதான் கேட்டார்.

இனி மறுபக்கம். ரஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலையில் வந்தபோது லாபம் யாருக்குப் போனது? 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததிலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் ஒரே விலை, லிட்டர் 102 ரூபாய்க்கு மேல். பிறகு இரண்டு ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான். அரசின் மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 2023-24இல் ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி. குஜராத் கரையிலிருக்கும் தனியார் சுத்திகரிப்பு ஆலைகள் ரஷ்ய எண்ணெயை டீசலாக்கி ஐரோப்பாவுக்கே விற்றன. முந்தைய ஆண்டின் முதல் பாதியில் அரசு நிறுவனங்கள் நட்டத்தில் தவித்தன என்பதையும், எண்ணெய் விலை எகிறாமல் இருந்ததில் எல்லோருக்குமே நன்மை உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் எண்ணெயில் லாபம் பார்த்தவர் வேறு, அதற்கான வரியின் சுமையைத் தாங்குகிறவர் வேறு. இது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று டிரம்ப் அந்த உத்தரவில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை அதே மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி ரூபாய் ஈடு கொடுக்க ஒப்புதல் தந்தது. சமையல் கேஸை அடக்க விலைக்குக் கீழே விற்றதில் வந்த நட்டத்துக்கு அந்த ஈடு. அது நியாயம்தான். அரசு சொல்லித்தான் குறைத்து விற்றார்கள், அதனால் நட்டத்தை அரசு ஏற்கிறது. அதே நியாயத்தைத் திருப்பூருக்கும் கேட்கிறேன். அரசு எடுத்த முடிவு, நான் ஆதரிக்கிற முடிவு, அதனால் ஒரு ஊருக்கு நட்டம். அந்த நட்டத்தை யார் ஏற்பது?

நீங்கள் 1965ஐ எடுத்துக்கொண்டதால் நானும் அங்கேயே வருகிறேன். 1967இல் நான் மூன்றாம் வகுப்பு. மதியம் மக்காச்சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா. ஆயா கரண்டியால் தட்டில் போட்டால் தட்டின் வடிவத்துக்கே கெட்டியாகிவிடும். மாவு வந்த மூட்டையில் ஒரு கேடயமும் அதில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளும் அச்சடித்திருக்கும். காலி மூட்டைக்கு வீட்டுக்கு வீடு போட்டி. அந்தக் கைகள் அமெரிக்காவுடையவை என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்த காலத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் நமக்கான தானியத்தை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல், மாதாமாதம் இழுத்துப் பிடித்துத்தான் விட்டார் என்பதும் அப்புறம் தெரிந்தது. ஆகவே உங்கள் கோபம் எனக்கு அந்நியமில்லை.

ஆனால் அன்று அரசு நம்மைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதோடு நிற்கவில்லை. உணவு அமைச்சராக இருந்தவர் நம் கொங்கு நாட்டு சி.சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. புது விதையைப் போடு, உரத்துக்குக் கடன் வாங்கு என்றால் எந்த விவசாயியும் பயப்படுவார். விளையாமல் போனாலும் நட்டம், விளைந்து குவிந்து விலை விழுந்தாலும் நட்டம். அந்தப் பயத்தைச் சுப்பிரமணியம் முன்கூட்டியே யோசித்திருந்தார். 1965 ஜனவரியிலேயே விவசாய விலைக் குழு அமைந்தது. அதே மாதம் 14ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில். விளைந்ததைச் சொன்ன விலைக்கு அரசு எடுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் விவசாயி விதையைக் கையில் எடுத்தார். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும் செய்த காரியம் இது. உங்கள் அப்பா அடுப்பை அணைத்ததை மதிக்கிறேன். கூடவே, அதே வேளையில் அரசு எதற்குப் பணம் ஒதுக்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூருக்கு இதுவரை வந்தது என்ன? இறக்குமதிப் பஞ்சு மீதான 11 விழுக்காடு வரியை 2025 டிசம்பர் 31 வரை நீக்கியிருக்கிறார்கள். நூல் விலைக்கு அது உதவும். உள்ளூரில் விற்கும் துணிக்கு ஜிஎஸ்டி குறைந்திருக்கிறது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இதில் எதுவும் அந்த மாடிக்கு ஏறி வரவில்லை. வேலையில்லாத நாளுக்குக் கூலி கொடுக்க வழியே இல்லையா என்றால், உண்டு. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் வேலை இழந்தவர்களுக்கான நிவாரணத் திட்டம் இருக்கிறது. கொரோனா வந்தபோது, 2020இல், அதைச் சராசரிக் கூலியில் கால் பங்கிலிருந்து பாதியாக உயர்த்தி, 90 நாள் வரை கொடுத்தார்கள். அந்தக் கதவை இப்போது திருப்பூருக்கும் ஆம்பூர்த் தோல் ஆலைகளுக்கும் தூத்துக்குடி இறால் ஆலைகளுக்கும் அகலமாகத் திறக்கலாம். முழுதாக வேலை போனால்தான் என்றில்லாமல், பாதி நாள் வேலை போனவருக்கும் கொடுக்கலாம். இஎஸ்ஐ அட்டையே இல்லாத ஜாப் ஒர்க் யூனிட் ஆட்களை என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. அந்தக் கைமடிப் பெண்ணுக்கும் அட்டை இல்லை. ஆனால் மகளிர் குழுவில் அவர் பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

நான் எழுதுவது எதிராளிக்குப் பலமா என்று கேட்டீர்கள். இதை நிறைய யோசித்தேன். இங்கே மெஷின்கள் மூடிக் கிடக்கும் என்பதை நம்பித்தான் அந்த வரியே போடப்பட்டது. திருப்பூர்க்காரரே டெல்லி வாசலில் போய், எண்ணெயை விடுங்கள், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்ச வேண்டும், கணக்கு அதுதான். அவர்களுக்குக் கூலி தவறாமல் போனால் அந்தக் கணக்கு பொய்க்கும். பட்டினி போட்டுவிட்டு உறுதியாக இருங்கள் என்றால் தீபாவளி வரைகூடத் தாங்காது. அதனால் இன்னும் எழுதுவேன்.

திருத்தத்துக்கு நன்றி. நீங்கள் சொன்னதுதான் சரி, 1966 ஜூன் 6. டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் அன்று 7.50 ஆனது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரையே கலந்தாலோசிக்காமல் எடுத்த முடிவு, அவருக்கு அதில் வருத்தம். ரூபாய் மதிப்பைக் குறைத்தால் வரும் என்று பேசிய வெளிநாட்டு உதவியும் பேசிய அளவுக்கு வரவில்லை. பணிந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு இதை நீங்கள் தாராளமாக எடுத்துச் சொல்லலாம். கட்டுரையில் ஆண்டை மாற்றிவிட்டேன்.

அன்புடன்.