ஏரியில் குளித்ததை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியில் இருக்கிறோம். ஐந்து மாதம் முன்பு குடும்பத்தோடு மலாவி ஏரியில் குளித்தோம். இப்போது எனக்கு நீர்க்கடுப்பு, சிறுநீரின் கடைசிச் சொட்டுகளில் ரத்தம். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் நிற்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா பில்ஹார்சியாவாக இருக்கும் என்கிறார். பெண்களுக்கு இது அவ்வளவு சகஜமா?

பதில்: அந்த அக்கா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம், மலாவியிலும் அப்படித்தான். ஆனால் ஏரிக்குளியல், ரத்தம், மருந்துக்கு மசியாத கடுப்பு மூன்றும் சேர்ந்தால் முதலில் பில்ஹார்சியாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பில்ஹார்சியா ஒரு ரத்தப் புழுவால் வரும் நோய். அந்தப் புழுவை 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் கண்டுபிடித்தார். ஏரியோரப் பாசியில் வாழும் நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு, நன்றாக இருக்கும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். காயம் எதுவும் வேண்டியதில்லை. வளர்ந்தபின் சிறுநீர்ப்பையைச் சுற்றிய ரத்தக்குழாய்களில் ஜோடியாகத் தங்கி முட்டையிடும். முள் வைத்த முட்டை. பாதி சிறுநீரில் போகும், மீதி சதையிலேயே சிக்கிப் புண்ணாக்கும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

எவ்வளவு சகஜம் என்றால், முட்டைகள் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் தங்கிவிட்ட பெண்கள் மட்டும் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே சுமார் 5.6 கோடி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தண்ணீர் எடுக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ தினமும் தண்ணீரில் நிற்பது பெண்கள்தானே. இதிலும் பலர் கணக்கில் வருவதில்லை. சிறுநீரில் முட்டை இல்லாமலே உள்ளே புண் இருக்கலாம். ரத்தம் கண்டால் மாதவிலக்கு என்று விட்டுவிடுவார்கள். வெள்ளைப்படுதலைப் பால்வினை நோய் என்று சொல்லி வீட்டில் வீண் சண்டை வேறு. இது உடலுறவால் பரவுவதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் சிறுநீர் கொடுங்கள். முட்டை அதிகம் வெளியேறும் நேரம் அது. விடிகாலை மாதிரியில் தவறிப்போகலாம். எப்போதாவது ஏரிக்குப் போய் வருபவர்களுக்கு முட்டை குறைவாக இருக்கும் என்பதால், ஒன்றும் தெரியாவிட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனையும் கேளுங்கள். ஊருக்கு வந்து காட்டுவதானால் ஏரியில் குளித்ததை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நம் ஊர் டாக்டருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராது, அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. எந்தப் பரிசோதனையிலும் பில்ஹார்சியா தெரியாமல் ரத்தம் மட்டும் தொடர்ந்தால், கல்லா வேறு எதுவுமா என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்து பிரசிகுவான்டெல். எடைக்குத் தகுந்த அளவு, பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். குட்டிப் புழுக்களை அது சரியாகக் கொல்லாது. அதனால் கடைசியாகக் குளித்து இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, தாராளமாக எடுக்கலாம். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கணவரும் பிள்ளைகளும் அதே தண்ணீரில்தானே இறங்கினார்கள்? தொந்தரவு இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.