பழைய இரும்புக்குப் புதுப் பெயின்ட்: வாசகர் கேள்வி – பதில்

பழைய சாமான் கடையில் ஸ்டீல் பீரோ வாங்கி, நன்றாகத் துடைத்துவிட்டு எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, கைப்பிடியைச் சுற்றியும் கதவு ஓரத்திலும் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த இடத்தில் துரு இல்லை. பழைய சாம்பல் நிறம் பளபளவென்று தெரிகிறது. பெயின்ட் மட்டமா?
– வாசகி, தஞ்சாவூர்

பெயின்ட்மேல் குற்றமில்லை. பழைய நிறம் பளபளவென்று தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. கம்பெனியில் பீரோவுக்கு அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் அடுப்பில் வைத்துச் சூடேற்றி இறுக்கியது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். புதுப் பெயின்ட் பற்றிக்கொள்ள அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கைப்பிடிப் பக்கம் முதலில் உரிந்ததற்குக் காரணம், பல வருஷமாகப் படிந்த கை எண்ணெய். வெறும் துணியால் துடைத்தால் அது போகாது.

இப்போது அடித்திருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேலே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். அதுவும் சேர்ந்து உரியும். முதலில் எந்த அளவுக்குச் சுரண்ட வேண்டும் என்று பாருங்கள். உரியாத இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக 2 மி.மீ. இடைவெளியில் ஆறு ஆறு கோடு கீறி, அதன்மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு பெயின்ட் வந்தால், பட்டித் தகடு வைத்து மொத்தத்தையும் சுரண்டி எடுப்பதுதான் வழி. வராமல் நின்றால், உரிந்த இடத்தை மட்டும் சரி செய்தால் போதும்.

சுரண்டி முடித்ததும் கழுவுங்கள். ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவைச் சோடா போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு ஸ்க்ரப்பரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காய்ந்ததும் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் இதற்கு அப்புறம்தான். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால், அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் வரிசையை மாற்றிச் செய்து கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

துரு உள்ள இடத்துக்கு 80 நம்பர் எமரி, மற்ற இடத்துக்கு 220. பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகும்வரை தேய்க்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் விட்டுப்போன இடம் மின்னிக் காட்டிக்கொடுக்கும். பழைய பெயின்ட் முடிகிற விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். படி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். அந்தப் படி கடைசிக் கோட்டிலும் அப்படியே தெரியும்.

கைப்பிடியை உள்பக்க நட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சாவித் துவாரத்தில் காகிதத் திரியைச் செருகுங்கள். பூட்டுக்குள் பெயின்ட் போனால் லீவர் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், ஓர் இரவு காயட்டும். நசுங்கல்களுக்கு மெட்டல் பட்டியை மெல்லிசாக இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கனமாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் வெடிக்கும். 320 வாட்டர் பேப்பரால் தேய்த்த பின் பட்டி போட்ட இடத்துக்கு மறுபடி பிரைமர் வேண்டும். இல்லையென்றால் பெயின்ட்டில் உள்ள எண்ணெயைப் பட்டி உறிஞ்சி அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவில், பின்புறத்தை விட்டால் அடிக்க வேண்டிய பரப்பு சுமார் 44 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். எனவே இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் டின் தாராளம், பிரைமர் அரை லிட்டர் போதும். பீரோவைப் பலகைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவை அடித்தால் பெயின்ட் வழியாது. 4 அங்குல ஃபோம் ரோலரால் உருட்டி, உடனே காய்ந்த பிரஷ் நுனியால் மேலிருந்து கீழே ஒரே போக்கில் லேசாக இழுத்துவிடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஓர் இரவு இடைவெளி, 400 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

முடித்த பிறகு இரண்டு மூன்று நாள் கதவைச் சாத்தக் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுகியிருக்காது. கதவு ஓரமும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பட்டையாகப் பெயர்ந்து வரும். துணிமணிகளை ஒரு வாரம் கழித்து அடுக்குங்கள்.

மொட்டை மாடியில் போட இரும்பு மடக்கு நாற்காலி நான்கு வாங்கினேன். எல்லாவற்றிலும் துரு. ரெட் ஆக்சைடு அடித்தால் துரு நின்றுவிடுமா? கடைக்காரர் ரஸ்ட் கன்வர்ட்டர் என்று ஒரு பாட்டிலும் தந்தார்.
– வாசகர், நாகப்பட்டினம்

நிற்காது. ரெட் ஆக்சைடில் இருப்பதும் இரும்பு ஆக்சைடு நிறமிதான். அது தண்ணீரை ஓரளவு தடுக்குமே தவிர, துருவோடு சண்டை போடாது. அதிலும் மேல் கோட் இல்லாமல் ரெட் ஆக்சைடோடு மட்டும் மாதக்கணக்கில் விட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலை பாதியில் நின்ற கேட்டுகளில் இதை எங்கும் பார்க்கலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

கன்வர்ட்டரில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். இரும்போடு இறுகப் பிடித்த மெல்லிய துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும். பொருபொருவென்று உதிரும் துருமேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். கம்பி பிரஷ் போட்டு உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பழுப்புக் கறையாக நிற்பதற்கு மட்டும் பூசுங்கள். எத்தனை மணி நேரம் விட வேண்டும், கழுவ வேண்டுமா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அட்டையைப் படியுங்கள். வெள்ளையாகத் தேய்த்த இரும்பை நாகப்பட்டினத்தில் ஓர் இரவு சும்மா வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கே பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள், ஒரு நாளைக்கு ஒரு நாற்காலி என்றாலும் சரி.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் குழாயைத் தட்டிக்கொண்டே வாருங்கள், முக்கியமாகக் கால் நுனியிலும் ரிவெட் பக்கத்திலும். சத்தம் மழுங்கினாலோ தகடு உள்ளே அமுங்கினாலோ, குழாய் உள்பக்கமாக அரித்துவிட்டது. அந்த நாற்காலிக்குப் பெயின்ட் வீண்; ஆள் உட்காரும்போது ஒடியும். நல்ல நாற்காலிகளுக்குக் காலடி புஷ் உடைந்திருந்தால் புதுசு போடுங்கள். குழாயின் தாழ்வான இடத்தில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டால் உள்ளே போன மழைத்தண்ணீர் வடியும்.

ஸ்ப்ரே டின்னால் ஸ்டூலுக்கு அடித்தேன். முதல் கோட் நன்றாக வந்தது. நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது அடித்ததும் தோல் மாதிரி சுருங்கிவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவர், மதுரை

இடைவெளிதான் காரணம். நான்கைந்து மணி நேரத்தில் மேலே ஆடை கட்டியிருக்கும், அடியில் இன்னும் இளக்கமாக இருக்கும். இரண்டாவது கோட்டின் தின்னர் உள்ளே இறங்கி அந்த ஆடையை ஊத வைக்கிறது, அதுதான் சுருக்கம். எனாமல் ஸ்ப்ரே டின் பலவற்றில் "ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 24 அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு" என்று போட்டிருப்பார்கள். நடுவில் அடிக்கக் கூடாது. பழைய எனாமல்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தாலும் இதே கதிதான். கண்ணில் படாத மூலையில் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கினால் அங்கே லாக்கர் வேண்டாம்.

சுருங்கியதை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஸ்டூலுக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, கடந்து போய் வெளியிலேயே விடுங்கள். மெல்லிசாக மூன்று கோட், பத்து நிமிட இடைவெளியில். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வேண்டாம், பளபளப்பு செத்து வெளுத்துப்போகும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு டிரங்க் பெட்டிக்கு எனாமல் நிற்பதே இல்லையே?
– வாசகி, காரைக்குடி

துத்தநாகப் பூச்சும் எனாமலில் உள்ள எண்ணெயும் சேர்ந்து, நடுவில் சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாகிறது. எவ்வளவு தேய்த்தாலும் சில மாதத்தில் ஏடு ஏடாக எழும்பும். ஜி.ஐ.க்கு என்று சொல்லி எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் பிரைமர்) வாங்கி ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். அதன்மேல் எனாமல் தாராளமாக நிற்கும். அலுமினியத்துக்கும் இதுவே.

குழந்தைக்காகப் பழைய இரும்புக் கட்டில் வாங்கினோம், பெயின்ட் மஞ்சள் நிறம். தேய்த்துவிட்டு அடிக்கலாமா?
– வாசகர், சேலம்

குழந்தை கம்பியைக் கடிக்கிற வயது என்றால் இந்தக் கட்டிலே வேண்டாம் என்பேன். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சைப் பெயின்ட்டுகளில் ஈய நிறமி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பெயின்ட் அடித்தாலும் பல் பட்டு உரியும்போது கீழே இருப்பது வெளியே வரும்.

பெரியவர்கள் படுக்க வைத்துக்கொள்வதானால் செய்யலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டியும் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, சேறாக வருவதை ஈரத்துணியால் வழித்து, துணியையும் ஷீட்டையும் சுருட்டிப் பையில் கட்டிவிடுங்கள். என்-95 மாஸ்க் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வேலை செய்த உடுப்பை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.