காற்றுக்கு எதிரே கிளம்புங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. ஒன்றரை வருடமாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறேன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆற்றுக்கு அரை மணி நேரம், மலைக்கு இரண்டு மணி நேரம். வேலைக்குப் போகும் முன் கடல், விடுமுறையில் ஆறு என்று நாட்களே மாறிவிட்டன. போன மாதம் ஒரு விடிகாலையில், கண்ணாடி போலக் கிடந்த கடலில் தனியாகப் போனேன். இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க, எதிர்காற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரையில் என் மனைவி அழுதுகொண்டு நின்றாள். அன்றிலிருந்து கயாக்கைத் தொடவில்லை. அவள் விட்டுவிடச் சொல்கிறாள். விட்டுவிடவா? இல்லை, தோளுக்கு வலு ஏற்றிக்கொண்டு மறுபடி போகலாமா? மணிக்கட்டில் வலியும் இருக்கிறது.

பதில்:

விட வேண்டாம். அன்று உங்களுக்கு வந்தது சரியான பயம். அதைக் கூடவே வைத்துக்கொண்டு மறுபடி இறங்குங்கள். ஆனால் தோள் வலு இதற்கு மருந்தாகாது. நல்ல பழக்கமுள்ள கயாக்கர்கூட அமைதியான நீரில் மணிக்கு 5, 6 கிலோமீட்டர்தான் போவார். பலமான எதிர்காற்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எத்தனை மாதம் உடற்பயிற்சி செய்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அன்று குறைந்துபோனது, கிளம்பும் முன் கரையில் நின்று பார்த்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

கடல் கண்ணாடி போலக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும். கரையோர மரங்களும் மேடுகளும் வீடுகளும் அதை மறைத்துக்கொள்வதால் முதல் நூறு, இருநூறு மீட்டர் அசைவே இல்லாமல் தெரியும். அந்த மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகைத் தள்ளும். தள்ளுகிறது என்றே தோன்றாது, இன்று நன்றாகத் துடுப்பு வலிக்கிறோம் என்றுதான் தோன்றும். வெளியே எழும் அலைகளும் நம்மை விட்டு விலகிப் போவதால், கரையிலிருந்து அவற்றின் வழவழப்பான முதுகு மட்டும்தான் கண்ணுக்குப் படும். பொதுவாக வீசும் காற்றும் அதே திசையில் சேர்ந்துகொண்டால், திரும்பும்போது உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஆரம்ப வருடங்களில் எனக்கும் நடந்தது. ஒரு மீன்பிடிப் படகு என்னைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

ஆகவே இனிமேல் கரையில் நின்று கடலை மட்டும் பார்க்காதீர்கள், முதுகுப் பக்கமும் பாருங்கள். இலை எந்தப் பக்கம் சாய்கிறது, கொடி எங்கே பறக்கிறது, புகை எங்கே போகிறது? தூரத்தில் நீர் கறுத்துச் சுருங்கிய திட்டுகள் வெளிப்பக்கமாக நகர்கின்றனவா? நகர்ந்தால் அன்று கடல் வேண்டாம். மற்ற நாட்களில் எப்போதும் காற்றுக்கு எதிரே கிளம்புங்கள். சிரமமான பாதி முதலில் முடியட்டும். களைத்த பிறகு காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையும், இதே கண்ணால் பார்க்கப் பழகுங்கள். பல கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் நீர் ஒரே சீராக நகர்வதில்லை. முதல் மணியில் மொத்தத்தில் 12-ல் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் நகர்ந்துவிடுகிறது. முகத்துவாரம், தீவுகளுக்கு இடையிலான இடுக்கு போன்ற குறுகலான இடங்களில் அந்த நேரத்து நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பு வலிப்பது வீண். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் கூடும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று அதற்கு எதிர்ப்பக்கமும் போனால், அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். முந்தைய மணி நேரத்தில் சாதுவாக இருந்த இடமே அப்படி மாறிவிடும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரே நீரைத் தினமும் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் கரையில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துடுப்பு எடுக்காத நாளிலும் பத்து நிமிடம் போய் நில்லுங்கள். காற்றின் திசை, ஓதத்தின் நேரம், அலையின் உயரம், போகலாமா வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றியது. நான்கு வரி போதும், எழுதி வையுங்கள். மதியம் மறுபடி பார்க்க முடிந்தால் காலையில் நினைத்தது சரியா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கயாக்கரின் அன்றாடம் இதுதான். படகுக்குள் உட்காரும் நேரம் அதில் சிறு பகுதி.

ஆற்றைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேகமாக ஓடும் ஆற்றில் தனியாகப் போகவே போகாதீர்கள். கடலில் தவறு செய்தால் யோசிக்கக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கும், ஆறு அதைத் தராது. கவிழ்ந்து படகை விட்டு வெளியே வந்துவிட்டால், முழங்கால் அளவு ஓடும் நீரில்கூட எழுந்து நிற்க முயலாதீர்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள், இங்கே ஆழம் தெரிந்தாலும் விடக்கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், ஓட்டம் உடலை முன்னால் தள்ளி நீருக்குள் அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீர்மட்டத்தில், ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, கையை வீசிக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரங்களிடமிருந்து எப்போதும் விலகியே இருங்கள், நீர் கிளைகளின் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. தடுப்பணைகள் பார்வைக்குச் சின்னதாக, ஒழுங்காகத் தெரியும். அடியில் நீர் சுருண்டு திரும்பி, விழுந்தவரையும் படகையும் விடாமல் பிடித்துவைக்கும். இறங்கிப் படகைச் சுமந்துகொண்டு நடந்து கடந்துவிடுங்கள்.

மலை ஆறுகளுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. பனி உருகி வரும் ஆறாக இருந்தால் காலையில் நீர் குறைவு, நண்பகல் வெயிலில் உருகியது பிற்பகலிலோ மாலையிலோதான் கீழே வந்து சேரும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மேலே பெய்த மழை ஆற்றில் வந்துவிடலாம். நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் அடித்து வரத் தொடங்கினால் உடனே கரை ஏறுங்கள். அங்கே வெயிலைப் பார்த்து உடுத்தாமல் நீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரவே சுமார் ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் கைகால்கள் உருப்படியாக வேலை செய்வது பத்து நிமிடம் போலத்தான். அந்த முதல் நிமிடத்தில் மூழ்காமல் இருக்கத்தான் லைஃப் ஜாக்கெட். அது படகின் பின்னால் செருகியிருந்தால் பயனில்லை, உடம்பில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

மணிக்கட்டு வலி பெரும்பாலும் துடுப்பை இறுக்கிப் பிடிப்பதால் வரும். விரல்களைத் தளர்த்துங்கள், கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடலைத் திருப்பி வலியுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, உங்கள் மனைவி. அவர் பயப்படுவது கடலுக்கு இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள், யாரைக் கூப்பிடுவது என்று எதுவும் தெரியாமல் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். அதை நீங்கள் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எங்கே இறங்குகிறேன், எதுவரை போவேன், படகின் நிறம், திரும்பும் நேரம், எந்த நேரத்தைத் தாண்டினால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும், அவர்களின் எண். திரும்பும் நேரத்தை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள், பிறகு அதை மீறாதீர்கள். தொலைபேசி நீர் புகாத உறையில், படகிலே வைக்காமல் உங்கள் உடம்போடு இருக்கட்டும்.

கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் வேட்டைக்காரர்கள், சீல் தோல் மேலங்கியைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே உருண்டு நிமிரக் கற்றுவைத்திருந்தார்கள். அந்த உறைநீரில் வெளியே விழுந்தவர் வீடு திரும்புவது அரிது. உருளும் வித்தையை உங்களுக்கு ஒரு பயிற்சியாளர் கற்றுத்தரட்டும். அதற்கு முன்பு, காற்றில்லாத ஒரு நாளில் மனைவியையும் அழைத்துக்கொண்டு இடுப்பளவு நீருக்குப் போங்கள். வேண்டுமென்றே கவிழுங்கள், வெளியே வாருங்கள், படகை நிமிர்த்தி ஏறுங்கள். பத்து முறை. அவர் கரையில் உட்கார வேண்டாம், நீரில் உங்கள் பக்கத்திலேயே, படகின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.