புது பைக்கில் சத்தம் வந்தால் விட்டுவிடலாமா?

கேள்வி: புது பைக் எடுத்து ஒரு வாரம் ஆகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் லேசாக 'டக்' என்கிறது. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார் டீலர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். சில பைக்குகள் பெட்டியில் அடைத்து, ஹேண்டில்பார், முன்சக்கரம், கண்ணாடி எல்லாம் கழற்றிய நிலையில்தான் டீலரிடம் வருகின்றன. மாட்டுகிறவர் அவசரப்பட்டால் போல்ட் தளர்ந்தே நிற்கும்.

முதலில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பாருங்கள், அப்புறம் திறந்த வெளியில் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். திருப்பும்போது எஞ்சின் வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் தப்பான வழியில் போயிருக்கிறது அல்லது அதில் தளர்வு போதவில்லை. சரி செய்யும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள், வளைவில் வண்டி தானாக வேகமெடுக்கும்.

உங்கள் சத்தத்துக்கு வருவோம். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் சட்டத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முன் ஆக்சில், பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), ஹேண்டில் கிளாம்ப் போல்ட்டுகளை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு உங்கள் எதிரிலேயே இறுக்கச் சொல்லுங்கள், கைக்கணக்கு போதாது. செயின் தளர்வு, டயர் காற்று, எஞ்சின் ஆயில் அளவையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

புகாரை ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு வண்டி விடும்போது டீலர் எழுதும் பதிவுச்சீட்டு) எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு அது தேவைப்படும்.