கான்கார்டை வீழ்த்தியது பாரிஸ் விபத்துதானா?

கான்கார்டைப் போல ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானங்கள் ஏன் நின்றுபோயின, 2000-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த விபத்துதான் அதற்குக் காரணமா, அந்தக் காலம் திரும்பி வருமா என்பது கேள்வி. விபத்துதான் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பள்ளி நாள்களிலிருந்து கான்கார்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துவந்த எனக்கு, அந்த விமானத்தின் தலையெழுத்து விபத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றுதான் தோன்றுகிறது. நிலப்பரப்பின் மேல் ஒலிவேகத்தைத் தாண்டிப் பறக்கக் கூடாது என்று நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியபோதே, உலகமெங்கும் பறப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு விமானம் ஒரே ஒரு சமுத்திரத்துக்குள் அடைபட்டுப்போயிற்று.

பிரிட்டனும் பிரான்சும் இந்த விமானத்தைச் சேர்ந்து உருவாக்குவதற்கான ஒப்பந்தத்தில் 1962 நவம்பர் 29 அன்று கையெழுத்திட்டன. அந்தக் காலத்தில் எல்லா விமான நிறுவனங்களும் எதிர்காலம் இந்தப் பக்கம்தான் என்று நம்பின. போயிங் நிறுவனம் 747 ஜம்போ விமானத்தை வடிவமைத்தபோது, சில ஆண்டுகளில் பயணிகள் எல்லோரும் ஒலியை மிஞ்சும் மீயொலி விமானங்களுக்கு மாறிவிடுவார்கள், ஜம்போவுக்குச் சரக்கு ஏற்றும் வேலைதான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டது. மூக்குப் பகுதியைத் திறந்து சரக்கு ஏற்ற வசதியாகவே விமானி அறையை மாடியில் வைத்தார்கள். இன்றும் ஜம்போவின் முதுகில் தெரியும் அந்தத் திமில், பொய்த்துப்போன ஒரு கணிப்பின் அடையாளம். கான்கார்டுக்கு முன்பதிவு செய்தவர்களின் பட்டியலில் பான் அமெரிக்கன், டி.டபிள்யூ.ஏ., லுஃப்தான்சா, ஜப்பான் ஏர்லைன்ஸ் போன்றவற்றோடு நம்முடைய ஏர் இந்தியாவும் இருந்தது. இரண்டு விமானங்களுக்கு அது இடம் பிடித்து வைத்திருந்தது.

1969 மார்ச் 2 அன்று துலூஸ் நகரில் தலைமைச் சோதனை விமானி ஆந்த்ரே துர்கா முதல் கான்கார்டை மேலே ஏற்றினார். இந்த விமானம் எதைச் சாதித்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதை அறியாமல் இழப்பின் அளவு புரியாது. போர் விமானங்கள் அப்போதே மேக் 2, அதாவது ஒலியைப் போல் இரு மடங்கு, வேகத்தைத் தொட்டிருந்தன. ஆனால் அவை சில நிமிடங்களுக்கு மட்டும், தலைக்கவசமும் பிராணவாயுக் குழாயும் அணிந்த ஓரிரு விமானிகளைச் சுமந்துகொண்டு தொட்டன. கான்கார்டோ நூறு பயணிகள் சட்டை கசங்காமல் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, மணிக்கு 2,150 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதே வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

இதில் மிகக் கடினமான வேலை இன்ஜினுக்குள் காற்றை அனுப்புவது. எந்த ஜெட் இன்ஜினும் ஒலியைவிட வேகமாக வரும் காற்றை அப்படியே விழுங்காது; விழுங்க முயன்றால் உள்ளே ஓட்டம் குலைந்து இன்ஜின் குமுறத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் முன்னால் சில மீட்டர் நீளத்துக்கு ஒரு காற்றுவழிப் பெட்டியை அமைத்து, அதன் மேற்புறத்தில் அசையும் சரிவுத் தகடுகளைப் பொருத்தி, அந்தத் தகடுகளின் கோணத்தைக் கணினியால் நொடிக்கு நொடி திருத்தி, மேக் 2 வேகத்தில் மோதும் காற்றை ஒலிவேகத்தில் பாதியளவுக்குத் தணித்து உள்ளே கொடுத்தார்கள். இதை அந்தக் காலத்துக் கணினி நுட்பத்தோடு செய்தார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

வெப்பம் அடுத்த சிக்கல். காற்று அழுந்தியே சூடேறுவதால் மூக்கின் நுனி 127 பாகை செல்சியஸ் வரை சென்றது. உடல் முழுவதும் சூட்டில் விரிந்து, பறக்கும்போது விமானம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீண்டது. விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே தரையில் இல்லாத ஒரு சந்து வானில் திறந்துகொள்ளும். ஓய்வு கொடுக்கப்படவிருந்த சில விமானங்களின் கடைசிப் பயணங்களில், பொறியாளர்கள் தங்கள் சீருடைத் தொப்பியை அந்தச் சந்தில் செருகி வைத்தார்கள். விமானம் குளிர்ந்ததும் சந்து மூடிக்கொண்டு தொப்பி உள்ளேயே சிக்கிக்கொண்டது. வெள்ளை வண்ணம்கூட அழகுக்காகப் பூசப்பட்டதல்ல, வெப்பத்தை வெளியேற்றத்தான். 1996-இல் பெப்சி விளம்பரத்துக்காக ஏர் பிரான்ஸ் ஒரு கான்கார்டுக்கு நீல வண்ணம் பூசியபோது, மேக் 2 வேகத்தில் ஒரே மூச்சில் 20 நிமிடங்களுக்கு மேல் பறக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது.

வேலை நிமித்தமாக ஜெர்மனியில் இருந்தபோது சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். கான்கார்டையும் அதன் சோவியத் போட்டியாளரான டியு-144 விமானத்தையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். இரண்டையும் மேலெழும் கோலத்தில் கட்டடத்தின் கூரைமேல் நிறுத்தியிருப்பதால், உள்ளே ஏறியதும் தரை செங்குத்தாகச் சரிந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டுதான் முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. உட்புறம் இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நடைபாதைக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். ஜன்னல்கள் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவே. அந்த உயரத்தில் ஒரு ஜன்னல் உடைந்தாலும் உள்ளே இருக்கும் காற்று மெதுவாகவே வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சிறிதாக வைத்தார்கள்.

இத்தனை அருமையான விமானத்தின் கால்களைக் கட்டிப்போட்டது சத்தம். ஒலிவேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே பெரும் முழக்கம் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வேகமாகச் செல்லும் படகு தன் பின்னால் அலையை இழுத்துக்கொண்டே போவதைப் போல, விமானம் அந்த வேகத்தில் பறக்கும் நேரம் முழுவதும் அதிர்வலையைத் தரையில் இழுத்துக்கொண்டே போகும். அதன் பாதையின் இருபுறமும் பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த வெடிச்சத்தம் கேட்கும். 2020 மே 20 அன்று பெங்களூரு மக்கள் ஜன்னல்கள் அதிரும்படி ஒரு சத்தத்தைக் கேட்டு, நிலநடுக்கமோ என்று திகைத்தது நினைவிருக்கலாம். அது விமானப்படையின் ஒரே ஒரு சோதனைப் பறப்பு. அதைப் போல ஒரு நாளைக்குப் பல முறை கேட்டால் எப்படி இருக்கும் என்பதை அமெரிக்க அரசு 1964-இல் ஓக்லஹோமா நகரத்தின் மேல் சோதித்துப் பார்த்தது. இரவை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆறு மாதங்களில் 1,253 முழக்கங்கள். முடிவில் நகர மக்களில் கால்வாசிப் பேர் இதனோடு வாழவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போயிங் தீட்டியிருந்த மீயொலி விமானத் திட்டத்துக்கு 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. 1973-இல் அமெரிக்க நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலிவேகத்தைத் தாண்டுவது தடைசெய்யப்பட்டது. அதே 1973-இன் தொடக்கத்தில் பான் அமெரிக்கனும் டி.டபிள்யூ.ஏ.யும் பின்வாங்க, மற்றவர்களும் அவர்கள் வழியே போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது மீதி வேலையை முடித்தது. இருபது விமானங்களோடு உற்பத்தி நின்றுவிட்டது. அவற்றில் பயணிகளைச் சுமந்தவை 14 மட்டுமே, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏழு, ஏர் பிரான்ஸுக்கு ஏழு.

நம் பக்கத்து வானில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1976 ஜனவரி 21 அன்று லண்டனிலிருந்து பஹ்ரைனுக்கும், பாரிஸிலிருந்து டாக்கர் வழியாக ரியோவுக்கும் ஒரே நாளில் கான்கார்ட் சேவை தொடங்கியது. பஹ்ரைன் தடத்தை சிங்கப்பூர் வரை நீட்ட வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஏர்வேஸின் திட்டம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, ஒரு விமானத்தின் இடப்புறத்தில் அந்த நிறுவனத்தின் வண்ணமும் வலப்புறத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வண்ணமும் பூசி, 1977 டிசம்பர் 9 அன்று தொடங்கினார்கள். மூன்று பயணங்கள் போய்வருவதற்குள் மலாக்கா நீரிணையின் மேல் எழுந்த சத்தத்தைக் காட்டி மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்க, சேவை நின்றது. 1979 ஜனவரியில் மலேசிய வான்வெளியை விலக்கி வேறு பாதையில் மீண்டும் தொடங்கினார்கள். இந்திய வான்வெளியிலோ ஒலிவேகத்தைத் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பிய நிலப்பரப்பின் மேலும் மெதுவாகப் போக வேண்டும், இங்கும் மெதுவாகப் போக வேண்டும் என்றால் கான்கார்டுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு என்ன பொருள்? 1980 நவம்பரில் அந்தத் தடத்தைக் கைவிட்டார்கள். மலேசியாவையோ இந்தியாவையோ நான் குறை சொல்லமாட்டேன். அமெரிக்கா தன் மக்களுக்காகச் செய்ததையே அவையும் செய்தன. ஆனால் கான்கார்ட் எப்படித் தோற்றது என்பதை விளக்க இந்த ஒரு தடம் போதும் என்று நினைக்கிறேன்.

மிஞ்சியது அட்லாண்டிக். நியூயார்க்கில் எழுந்த சத்த எதிர்ப்பு வழக்குகளைக் கடந்து 1977 நவம்பரில் அங்கே சேவை தொடங்கியதும், அடுத்த கால் நூற்றாண்டுக்கு அதுவே கான்கார்டின் உயிர்நாடியாக இருந்தது. லண்டனிலிருந்து காலை பத்தரை மணிக்குக் கிளம்பியவர், நியூயார்க் கடிகாரத்தில் பத்து மணி அடிப்பதற்குள் அங்கே இறங்கிவிடுவார். 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் பறந்ததே அந்தத் தடத்தில் அதன் சாதனை. இந்த வேகத்துக்குக் கொடுத்த விலை எரிபொருள்: நூறு பேரைச் சுமந்து செல்ல ஏறத்தாழ 95 டன் கொள்ளும் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு கிளம்பியது. 1997-இல் போய்வரும் கட்டணம் ஏறத்தாழ 8,000 டாலர். இருந்தும், 1984-இல் அரசின் பொறுப்பிலிருந்து விமானங்களை முழுமையாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதிலிருந்து லாபம் பார்த்தது. தங்கள் பயணச்சீட்டு எவ்வளவு இருக்கும் என்று பயணிகளிடம் கேட்டபோது, நிறுவனங்களே பணம் கட்டிவந்ததால் பலரும் உண்மை விலையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். கட்டணத்தை அந்த அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். விமானத்தை உருவாக்கிய செலவு முழுவதையும் இரு நாட்டு மக்களின் வரிப்பணம் ஏற்றுக்கொண்டதால்தான் இந்த லாபம் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சோவியத் விமானத்தின் கதை இன்னும் சுருக்கமானது. 1968-இன் கடைசி நாளன்று கான்கார்டை முந்திக்கொண்டு பறந்த டியு-144, 1973 பாரிஸ் விமானக் கண்காட்சியில் நொறுங்கி விழுந்தது. பின்னர் மாஸ்கோ – அல்மா அட்டா தடத்தில் 55 பயணிகள் சேவைகளோடு 1978-இல் அது முடிந்துபோயிற்று.

இப்போது விபத்துக்கு வருவோம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் ஓடுபாதையில் வேகமெடுத்த ஏர் பிரான்ஸ் கான்கார்டின் சக்கரம், சற்று முன்பு கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த உலோகப் பட்டையின் மேல் ஏறியது. டயர் வெடித்தது, அதன் பெரிய துண்டொன்று இறக்கையின் அடிப்புறத்தில் மோத, உள்ளே நிரம்பியிருந்த எரிபொருளில் எழுந்த அழுத்த அலை தொட்டியை உடைத்தது. தீப்பிடித்த விமானம் கோனெஸ் என்ற ஊரில் ஒரு விடுதியின் மேல் விழுந்து, உள்ளே இருந்த 109 பேரும் தரையில் நால்வரும் இறந்தார்கள். பயணிகள் சேவைக்கு வந்து 24 ஆண்டுகளில் கான்கார்ட் உயிர்களைப் பறித்த ஒரே விபத்து அது. அதன் பிறகும் அதைக் கைவிடவில்லை. தொட்டிகளுக்குக் கெவ்லார் என்ற உறுதியான இழையாலான உறை, வெடித்தாலும் பெருந்துண்டுகளாகச் சிதறாத புதிய டயர் எனத் திருத்தி, 2001 நவம்பரில் மீண்டும் பறக்கவிட்டார்கள். அதற்குள் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து, அட்லாண்டிக்கைக் கடக்கும் வசதி படைத்த பயணிகளின் கூட்டம் குறைந்துவிட்டிருந்தது. உதிரிபாகங்களையும் பராமரிப்பு ஆதரவையும் தந்துவந்த ஏர்பஸ் அதை நிறுத்த முடிவுசெய்ததும், இரு நிறுவனங்களும் 2003 ஏப்ரல் 10 அன்று ஓய்வை அறிவித்தன. நூற்றுக்கணக்கில் விற்று, பல கண்டங்களில் பறந்துகொண்டிருந்த விமானமாக இருந்திருந்தால், ஒரு விபத்தையும் ஒரு சரிவையும் தாங்கி, அடுத்த தலைமுறை வடிவத்துக்கு வழிவிட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பன்னிரண்டு விமானங்களுக்காகவும் ஒரே தடத்துக்காகவும் யார் உதிரிபாகம் செய்துகொண்டிருப்பார்கள்?

திரும்பி வருமா என்ற கேள்விக்கும் விடை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பூம் என்ற நிறுவனத்தின் சிறிய சோதனை விமானம் 2025 ஜனவரியில் ஒலிவேகத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூனில், அரை நூற்றாண்டாக இருந்துவந்த தடையை நீக்கும்படி அந்நாட்டு அதிபர் உத்தரவிட்டார். எல்லாவற்றையும்விட நான் ஆவலோடு கவனிப்பது நாசாவின் எக்ஸ்-59 விமானத்தை. அதிர்வலைகள் ஒன்றுசேர்ந்து வெடியாகாமல் தனித்தனியே சிதறும்படி, முன்கண்ணாடியே இல்லாத நீண்ட ஊசி மூக்கோடு அதைச் செய்திருக்கிறார்கள். விமானி கேமரா வழியாகத்தான் முன்னால் பார்க்கிறார். 2025 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. தரையில் இருப்பவர்களுக்கு வெடிச்சத்தத்துக்குப் பதில் மெல்லிய தட்டல் மட்டுமே கேட்கிறதா என்பதை ஊர்களின் மேல் பறந்து மக்களிடமே கேட்டறிவதுதான் அதன் நோக்கம். எரிபொருள் செலவும் அதன் புகையும் தனிக் கேள்விகள். அவற்றுக்கு இன்னும் நல்ல விடை இல்லை.

சென்னையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். கான்கார்டால் இடையில் இறங்காமல் போகவே முடியாத தூரம், அதிலும் பெரும்பகுதி நிலம். கடலின் மேல் மட்டும் விரையும் விமானங்கள் மறுபடி வந்தால், முன்பு போலவே நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையில்தான் ஓடும். நம் ஊர்களிலிருந்து கிளம்புபவர்களுக்கு அவை உதவ வேண்டுமென்றால், எக்ஸ்-59 தன் சோதனையில் தேற வேண்டும். அதை ஏற்று அமெரிக்கா மட்டுமின்றி வழியில் இருக்கும் நாடுகளும் தங்கள் வானத்தைத் திறந்துவிட வேண்டும்.